ஈரலுருத் தாவரத்தில் முளைக்கும் கிண்ணப் பங்கசுகள்: கொழும்பில் தொடங்குவோருக்கு ஒரு நுணுக்குக்காட்டி வழிகாட்டி

கிண்ணமாகவோ தட்டையான வட்டாகவோ வாய் திறந்து முளைக்கும் பங்கசுகளில் ஒரு சிறு கூட்டம் மொசுப் பாசிகளையும், அவற்றைப் போல ஈரத்தில் ஒட்டிப் படரும் சிறு ஈரலுருத் தாவரங்களையும் மட்டுமே நம்பி வாழ்கிறது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றர் அகலம்கூட வராது. அரை மில்லிமீற்றர் வட்டுகள் என்றால் ஒரு குண்டூசித் தலையில் நாலைந்து அடங்கும். வெளித்தோற்றத்தை வைத்து இவற்றுக்குப் பெயர் சொல்ல முடியாது. "செம்மஞ்சள் வட்டு" என்று மட்டும் சொன்னால் பொருந்தக்கூடிய சாதிகள் நிறைய. எதுவென்று தீர்மானிப்பது உள்ளே இருக்கிறது: வித்திகளை அடக்கிய நுண்குழாயான வித்திப்பை எப்படித் திறக்கிறது, அதன் அடி எப்படி முளைக்கிறது, வித்திக்குள் எண்ணெய் எப்படிக் கிடக்கிறது, பங்கசு இழை தாவரத்தின் எந்தக் கலத்துக்குள் போகிறது.

இந்தக் கட்டுரையில் பல படிகள் வரும். மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஒன்றுதான்: பங்கசு உயிரோடு இருக்கும்போதே, வெறும் தண்ணீரில், எந்தச் சாயமும் சேர்க்காமல் முதலில் பாருங்கள். கலம் செத்தால் வித்திப்பை கணிசமாகச் சுருங்கும், பைகளுக்கிடையே நிற்கும் மலட்டு இழைகளின் புன்வெற்றிடங்கள் (கலத்துக்குள் சாறு நிறைந்த அறைகள்) மறையும், வித்தியின் சிறு எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிய துளியாகிவிடும். ஜேர்மனியைச் சேர்ந்த பங்கசு ஆய்வாளர் ஹான்ஸ்-ஒட்டோ பரால் 1992இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். உயிருள்ள கலத்தின் அளவும் உலர்ந்த மாதிரியின் அளவும் ஒன்றல்ல என்று தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டால், ஒரே இனத்தை இரண்டாகப் பிரிப்போம், அல்லது இரண்டை ஒன்றாக்குவோம்.

எப்போது, எங்கே தேடுவது

கொழும்பில் மே மாதத்துத் தென்மேல் பருவமழை தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்தும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் தேடுங்கள். ஒரு நாள் மழை போதாது. தாவரம் தொடர்ந்து பத்து நாளாவது ஈரமாக இருந்திருக்க வேண்டும். காலை வெயில் ஏறுமுன் போனால் கிண்ணங்கள் விரிந்திருக்கும். மதியத்தில் அவை ஓரம் சுருண்டு, இல்லாதது போலவே தெரியும்.

இடத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. பழைய வீடுகளின் பின்மதில், கிணற்றடி, மழைத்தண்ணீர் ஒழுகும் குழாயின் கீழ்ப்பகுதி, ஒழுங்கைக் கானின் உட்சுவர் போன்ற நிழல் ஈரங்களில் சியாத்தோடியம் என்ற ஈரலுருத் தாவரம் வளரும். மெல்லிய பிரிவிலி (தண்டு, இலை என்று பிரியாத தட்டையான உடல்), மங்கலான வெளிச்சத்தில் மஞ்சட்பச்சையாக மினுங்குவது போலிருக்கும். வளவின் மிதிபட்ட மண்ணிலும் பூச்சாடி மண்ணிலும் ரிக்சியா சிறு வட்ட ரோசாப்பூப் போலப் படர்ந்திருக்கும். பழைய மாமரம், வாகை, நாகமரப் பட்டைகளில் லெஜூனியேசியேக் குடும்பத்தின் இலை வகைகளும், செங்கபில நிறத்தில் புருல்லானியாவும் ஒட்டியிருக்கும். மலைநாட்டிலிருந்து வரும் பூச்சாடிகளை விற்கும் இடங்களில் மண்ணின் மேற்பரப்பைப் பாருங்கள். மார்கான்டியா உலகெங்கும் பூச்சாடிகளின் களை.

பச்சைப் பரப்பின் நடுவே வெளிறிய, கபிலமான அல்லது கறுத்த திட்டு இருந்தால் அதன் ஓரத்தில் வில்லையை வையுங்கள். ஒட்டுண்ணியாக வாழ்பவை பெரும்பாலும் உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் இடைப்பட்ட எல்லையில் முளைக்கும். திட்டே இல்லாமல் முழுப் பச்சைத் தாவரத்தில் முளைப்பவையும் உண்டு. அவை வேர்ப்போலிகளில், அதாவது தாவரத்தை மண்ணில் பிடித்துவைக்கும் வேர் போன்ற நுண்மயிர்களில், தொற்றுபவையாக இருக்கலாம்.

பெத்தகான ஈரநிலப் பூங்கா, தியசறு பூங்கா போன்றவற்றிலும் லபுகம, களட்டுவாவை, சிங்கராஜ வனங்களிலும் அனுமதியில்லாமல் ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. அங்கே படம் மட்டும் எடுங்கள். சொந்த வளவிலும் நண்பர்களின் மதிலிலும் கிடைப்பதே ஒருவருக்கு ஒரு வருடத்துக்குக் காணும்.

முதல் வாரத்தில் எல்லோரையும் ஏமாற்றுபவை

மார்கான்டியாவின் மேல் அழகான பச்சைக் கிண்ணங்களைக் கண்டு பங்கசு என்று மகிழ்வது மிகப் பொதுவான தவறு. அது தாவரமே தன்னைப் பெருக்க உருவாக்கும் கெம்மாக் கிண்ணம். ஊசியால் தட்டினால் உள்ளிருந்து பச்சை நிறத் தட்டையான வில்லை போன்ற துண்டுகள் கழன்று வரும். பங்கசுக் கிண்ணத்தின் வாயில் கழன்று வரும் துண்டு எதுவும் இல்லை. அது ஒரு தொடர்ச்சியான, மெல்லிய மெழுகுப் பளபளப்புள்ள பரப்பு.

மரப்பட்டையில் இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. கோயினோகோனியம் என்ற இலைக்கன், அதாவது பங்கசும் அல்காவும் கூடி வாழும் உயிரி, ஈரமான வெப்பவலயப் பட்டைகளில் அரை மில்லிமீற்றர் அளவில் மஞ்சள், செம்மஞ்சள் வட்டுகளைத் தரும். இலை வகைத் தாவரங்களுக்கிடையே புகுந்து வளர்வதால் தாவரத்தில் முளைத்தது போலவே தோன்றும். வட்டைச் சுற்றியுள்ள மங்கலான பச்சைப் பரப்பில் சிறிதைச் சுரண்டித் தண்ணீரில் பாருங்கள். செம்மஞ்சள் துளிகள் நிறைந்த அல்கா இழைகள் பங்கசு இழைகளோடு பின்னிக்கிடந்தால் இலைக்கன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஏமாற்று, அடியில் புதைந்திருக்கும் சுள்ளியிலோ உக்கிய இலையிலோ முளைத்துத் தாவரத்தின் ஊடாகத் தலைகாட்டும் சாதாரண வட்டுப் பங்கசு. வட்டைப் பிடுங்காமல், தாவரத்தோடு சேர்த்துப் பக்கவாட்டில் சாய்த்து, காம்பின் அடி எங்கே முடிகிறது என்று கண்ணால் கண்ட பிறகே "ஈரலுருத் தாவரத்தில்" என்று எழுதுங்கள்.

எடுத்து வருவதும் வைத்திருப்பதும்

மூன்று சென்ரிமீற்றர் சதுரத் துண்டு போதும். மண்ணில் வளர்ந்தால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் மண்ணோடு எடுங்கள். வேர்ப்போலி அறுந்தால் தொற்று எங்கே என்று பிறகு காட்ட முடியாது. கிண்ணங்கள் மேலே பார்க்கும்படி சிறிய மருந்துப் பெட்டி ஒன்றில் வைத்து, மூடியின் உட்புறத்தில் நனைத்துப் பிழிந்த ரிசுக் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சணம் எல்லாவற்றையும் மூடிவிடும். கொழும்பு வெக்கையில் இதுதான் அதிகமான மாதிரிகளைக் கெடுக்கிறது. மாறாக, ஏசி அறையில் திறந்து வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் உலர்ந்துபோகும். பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வையுங்கள், உறையவிடும் பெட்டியில் வேண்டாம். நாலைந்து நாள் உயிரோடு இருக்கும். ஆனாலும் இரண்டாம் நாளைத் தாண்டவிடாதீர்கள்.

எடுத்த இடத்திலேயே எழுதவேண்டியவை: திகதி, இடம், எதன்மேல் வளர்ந்தது (சீமெந்து, செங்கல், மண், பட்டை, எந்த மரம்), வெயிலா நிழலா, வட்டின் நிறம். செம்மஞ்சள் வெளிறும் என்பதால் நிறத்தை வீட்டுக்கு வந்து எழுதுவது பிழையில் முடியும்.

மேசையில் வேண்டியவை

10 அல்லது 20 மடங்கு கைவில்லை. 4, 10, 40, 100 மடங்குப் பொருள்வில்லைகள் உள்ள நுணுக்குக்காட்டி. இதில் 100 மடங்கு எண்ணெய்வில்லை இல்லாவிட்டால் வித்திப்பையின் நுனியையும் அதன் அடியிலுள்ள கொக்கியையும் தீர்மானிக்க முடியாது, வாங்கும்போது இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பார்வைத்துண்டுக்குள் போடும் அளவுகோல், அதைச் சரிபார்க்க 10 மைக்ரோமீற்றர் பிரிவுகள் கொண்ட ஸ்லைட் அளவுகோல். பாமசியில் கிடைக்கும் இன்சுலின் ஊசி இரண்டு. இதைவிட மெல்லிய கருவி தேவையில்லை. இரட்டை விளிம்பு பிளேட்டை உறையோடு நடுவால் முறித்த பாதி. ஸ்லைட், கவர்ஸ்லிப், துளிக்குழாய், ரிசு.

திரவங்களில் முதன்மையானது லூகோல் என்ற அயடின் கரைசல். 3 கிராம் பொற்றாசியம் அயடைட்டை முதலில் 10 மில்லிலீற்றர் நீரில் கரையுங்கள். அதில் 1 கிராம் அயடினைப் போட்டு முழுதாகக் கரைந்த பின் 100 மில்லிலீற்றராக்குங்கள். வரிசையை மாற்றி அயடினை நேரே நீரில் போட்டால் அடியில் அப்படியே கிடக்கும். ஆயத்தமாக விற்கும் 5 சதவீத லூகோல் கிடைத்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு நீர் சேருங்கள். கபிலப் போத்தலில், இருட்டில் வையுங்கள். காயத்துக்குப் போடும் போவிடோன் அயடின் இதற்குப் பதிலாகாது. அதில் அயடின் ஒரு பல்பகுதியத்தோடு பிணைந்திருப்பதால் எவ்வளவு செறிவில் தாக்குகிறது என்று சொல்ல முடியாது.

அடுத்தது 5 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. 5 கிராம் குளிகைகளை 95 மில்லிலீற்றர் நீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், சூடாகும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பிளாஸ்ரிக் போத்தலில் வையுங்கள். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு இதை மெல்ல மெல்லக் கெடுக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள். இவற்றோடு 1 சதவீதக் கொங்கோ சிவப்பு, இலற்றிக் அமிலத்தில் கரைத்த கொற்றன் நீலம், 1 சதவீதக் கிரெசில் நீலம் ஆகியன இருந்தால் நல்லது. தொடங்குபவருக்கு லூகோலும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் போதும்.

அளவுகோலைச் சரிபார்ப்பதை ஒருமுறை செய்தால் அந்த நுணுக்குக்காட்டிக்கு எப்போதும் பொருந்தும். 40 மடங்கு பொருள்வில்லையில் பார்வைத்துண்டின் 100 பிரிவுகள் ஸ்லைட் அளவுகோலின் 25 பிரிவுகளோடு பொருந்தினால், 250 மைக்ரோமீற்றரை 100ஆல் பிரித்து ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீற்றர் என்று எழுதுங்கள். 100 மடங்கில் அது ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் வரும். "ஏறத்தாழ" என்பதை நம்பி விடாமல் அளந்தே எழுதுங்கள். இந்த எண்களை நுணுக்குக்காட்டியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

தாவரத்துக்குப் பெயர் வைப்பது பாதி வேலை

இந்தப் பங்கசுகளில் பல, ஒரு சாதித் தாவரத்தையோ நெருங்கிய சில சாதிகளையோ மட்டும் தேடும். ஆகவே பங்கசை வெட்டுவதற்கு முன் தாவரத்தைப் பாருங்கள். ஈரலுருத் தாவரக் கலங்களில் மட்டும் காணப்படும் எண்ணெயுடல்கள், சாதியைச் சொல்ல உதவும் அடையாளம். அவற்றின் எண்ணிக்கை, வடிவம், நிறம் எல்லாம் முக்கியம். தாவரம் உலர்ந்தால் பெரும்பாலும் அவை மறைந்துவிடும். அதாவது, உயிரோடு பாருங்கள் என்ற விதி தாவரத்துக்கும் பொருந்தும். ஒரு இலையை அல்லது பிரிவிலியின் மெல்லிய ஓரத்தைத் தண்ணீரில் வைத்து 40 மடங்கில் படமெடுத்து வையுங்கள்.

இலை வகையில் அடியிலை (தண்டின் கீழ்ப்பக்கத்துச் சிறு இலை) இருக்கிறதா, இலையின் கீழ்மடல் பையாகச் சுருண்டிருக்கிறதா, தொப்பி போலிருக்கிறதா என்று குறியுங்கள். தொப்பி வடிவ மடலும் செங்கபில நிறமும் புருல்லானியா. இலையோடு ஒட்டிய சிறு பையானால் லெஜூனியேசியே. பிரிவிலி வகையில் மேற்பரப்பில் துளைகள் தெரிகிறதா, நடுவே வாய்க்கால் ஓடுகிறதா என்று பாருங்கள். வாய்க்கால் ரிக்சியாவுக்கு, தெளிவான துளைகளும் கெம்மாக் கிண்ணமும் மார்கான்டியாவுக்கு.

முதல் ஸ்லைட்: தண்ணீர் மட்டும்

கொழும்புக் குழாய்நீரை ஒரு இரவு திறந்த பாத்திரத்தில் வைத்து விட்டுப் பயன்படுத்துங்கள், குளோரீன் போய்விடும். ஒரு துளியை ஸ்லைட்டில் வையுங்கள். கைவில்லையின் கீழ், ஊசி ஒன்றால் கிண்ணத்தை அமர்த்தி, மற்ற ஊசியால் அதன் கால்பங்கை மட்டும் வெட்டி எடுங்கள். முழுக் கிண்ணத்தையும் வைக்கவேண்டாம். தடிப்பாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது, மிச்சத் துண்டு அடுத்த சோதனைகளுக்கும் வேண்டும். துளியில் துண்டைக் கிழித்துப் பரப்பி, கவர்ஸ்லிப்பை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்குங்கள். அழுத்தவேண்டாம்.

10 மடங்கில் நிரை நிரையாக நிற்கும் குழாய்கள் தெரியும். அவை வித்திப்பைகள். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் எட்டு வித்தி. அவற்றுக்கிடையே மெல்லிய மலட்டு இழைகள். முதிர்ந்த உயிருள்ள வித்திப்பை, தண்ணீரின் அமுக்கத்தால் வீங்கி, இழைகளின் மட்டத்துக்கு மேலே தலை நீட்டும். 40 மடங்கில் அப்படியொரு பையைத் தெரிந்து, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். திடீரென்று பை ஒன்று அதிர்ந்து சுருங்கும். அதிலிருந்த எட்டு வித்தியும் ஒரே கணத்தில் கண்ணாடிக்கடியில் சிதறிக் கிடக்கும். வெறுமையாகிய பையின் நுனி, அடுத்த கேள்விக்கு விடை தரப்போகும் இடம்.

இதே ஸ்லைட்டில் மலட்டு இழைகளின் மேற்கலத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல ஒளியை முறிக்கும் நீண்ட புன்வெற்றிடம் அதை நிறைத்திருக்கிறதா, அல்லது சிறு துளிகள் மட்டுமா, அல்லது செம்மஞ்சள் மணிகளா? கிரெசில் நீலத்தைக் கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் விட்டால் உயிருள்ள புன்வெற்றிடம் நீலமேறும், எண்ணெய்த்துளி ஏறாது. இந்த வேறுபாட்டைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் தேடினால் கிடைக்காது, அது புன்வெற்றிடத்தை அழித்துவிடும். மாதிரியை நேரே அதில் போடும் பழக்கம் பல பழைய விவரணைகளில் இந்த அடையாளத்தையே காணாமல் ஆக்கியிருக்கிறது.

மூடியா, துளையா

வெறுமையான பைகளை 100 மடங்கு எண்ணெய்வில்லையில் பாருங்கள். நுனியில் வட்டமான மூடி ஒன்று, திறந்த ரின் மூடி போல ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்றால், பெசிசாலேஸ் வரிசை. மூடி இல்லாமல் நுனி சிறு துளையாகவோ கிழிந்தோ திறந்திருந்தால், ஹெலோத்தியாலேஸ், லியோத்தியாலேஸ் போன்றவற்றின் பக்கம். இந்த ஒரு கேள்வி, தேடவேண்டிய பட்டியலைப் பெருமளவு குறைத்துவிடும்.

முதிராத பைகளை மட்டும் பார்த்துக்கொண்டு மூடி இல்லை என்று முடிவெடுப்பதே இங்கே வரும் பிழை. திறக்காத பையில் மூடியின் கோடு மிக மங்கல். வெறுமையான பை கிடைக்காவிட்டால் கவர்ஸ்லிப்பின் மேல் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தட்டுங்கள். கொங்கோ சிவப்பு விட்டால் சுவர் தெளிவாகும்.

அயடின் சோதனையை அவசரப்படாமல் செய்வது

இரண்டு ஸ்லைட் வேண்டும். முதலாவதில் தண்ணீர் ஏற்றத்தின் ஒரு ஓரத்தில் லூகோல் ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் ரிசுவை வைத்து இழுங்கள். மஞ்சள் அலை துண்டைக் கடக்கும் நேரத்தில் வித்திப்பையின் நுனியைப் பாருங்கள். நீலமான இரட்டைப் புள்ளி அல்லது வளையம் தெரிந்தால் "நீலம்" என்று எழுதுங்கள். செங்கபிலம் அல்லது சிவப்பென்றால் அதுவும் முக்கியமான விடை. சில பங்கசுகளின் சுவர் செறிந்த லூகோலில் சிவப்பாகும், பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக்குப் பிறகு நீலமாகும். பரால் 1987இல் இதை விளக்கியபோது, நெடுங்காலம் பயன்பட்ட மெல்சர் என்ற இன்னோர் அயடின் திரவத்தில் இதே பங்கசுகள் நிறமற்றவையாகத் தோன்றுவதையும் காட்டினார். பழைய விவரணையில் "அயடின் இல்லை" என்று இருந்தால், எந்தத் திரவத்தில் என்று கேளுங்கள்.

இரண்டாவது ஸ்லைட்டில் புதிய துண்டைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் இரண்டு நிமிடம் வைத்து, அதே ரிசு முறையில் தண்ணீரை இழுத்து மூன்று முறை கழுவுங்கள். பிறகு லூகோல். கழுவுவது குறைந்தால் லூகோல் போட்ட உடனே நிறமிழக்கும். ஐதரொட்சைட்டு அயடினை உண்டுவிடுவதே காரணம். ஆகவே நிறமில்லை என்று எழுதுமுன், ஸ்லைட்டில் இருக்கும் திரவம் இன்னமும் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறமற்றதாகியிருந்தால் இன்னொரு துளி விடுங்கள்.

இதே சோதனையில் இன்னொரு பயன் உண்டு. செம்மஞ்சள் வட்டுகளின் மலட்டு இழைகளிலுள்ள கரோட்டினொயிட்டு என்ற நிறப்பொருளின் மணிகள் அயடினில் பச்சையாகும். பெசிசாலேஸ் வரிசையில் பாசிகளோடு வாழும் ஒக்டோஸ்போராக் கூட்டத்தில் வித்திப்பை நீலமாகாது, இழைகள் பச்சையாகும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல உறுதி.

கொக்கி

வித்திப்பையின் அடியை யாரும் முதலில் பார்ப்பதில்லை. ஆனால் இனங்களைப் பிரிப்பதில் இது பெரிய உதவி. சில பங்கசுகளில் பை முளைக்கும் இடத்தில் பங்கசு இழை கொக்கி போல வளைந்து, பக்கத்தில் ஒரு சிறு முழங்கை விட்டிருக்கும். வேறு சிலவற்றில் நேரான குறுக்குச்சுவர் மட்டும். ஐதரொட்சைட்டும் கொங்கோ சிவப்பும் கலந்த துளியில் துண்டைத் தட்டிப் பரப்பி, 100 மடங்கில் குறைந்தது பத்துப் பைகளின் அடியைப் பாருங்கள். ஒன்று இரண்டைப் பார்த்துத் தீர்மானித்தால், பக்கத்து இழை ஒன்று ஒட்டிக்கிடப்பதைக் கொக்கி என்று நினைத்துவிடுவீர்கள்.

வித்தியை அளப்பது

அளக்கவேண்டியது பையை விட்டு வெளியேறிய வித்தி. பைக்குள் இருப்பது முதிர்ந்ததா என்று தெரியாது. இதற்கு எளிய வழி: கிண்ணம் மேலே பார்க்கும்படி வைத்த பெட்டியில், அதற்கு மூன்று நாலு மில்லிமீற்றர் மேலே ஒரு கவர்ஸ்லிப்பை இரண்டு தீக்குச்சித் துண்டுகளின்மேல் தாங்கவிட்டு, ஒரு இரவு மூடிவையுங்கள். காலையில் கவர்ஸ்லிப்பின் அடியில் வித்திகள் தூவியிருக்கும். அதை அப்படியே தண்ணீர்த் துளிமேல் கவிழ்த்து வையுங்கள்.

25 அல்லது 30 வித்தியின் நீளத்தையும் அகலத்தையும், எண்ணெய்வில்லையில், பக்கவாட்டில் சமமாகக் கிடப்பவற்றில் அளந்து எழுதுங்கள். மிகச் சிறியது, மிகப் பெரியது, இடையில் பெரும்பாலானவை எங்கே என்று குறியுங்கள். நீளத்தை அகலத்தால் வகுத்த எண்ணையும் சேருங்கள். குறுக்குச்சுவர் உண்டா, முளைக்கத் தொடங்கியபின் மட்டும் வருகிறதா என்பதும் முக்கியம். எண்ணெய்த்துளியை வரைந்தே காட்டுங்கள்: ஒவ்வொரு முனையிலும் ஒரு பெரிய துளியா, பல சிறு துளிகளா, ஒன்றுமே இல்லையா. இதை உயிருள்ள வித்தியில் மட்டும் எழுதவேண்டும்.

மேற்பரப்பு மென்மையாகத் தோன்றினால் உடனே அப்படி எழுதாதீர்கள். கொற்றன் நீலத்தில் வைத்து, ஸ்லைட்டை விளக்குச் சுவாலையின் மேல் ஒரு கணம் காட்டிச் சூடாக்கினால், பருக்களும் வலைவரிகளும் நீலமாக எழும். கொதிக்கவிட்டால் குமிழி எல்லாவற்றையும் குழப்பும். உருண்டையான, வலைவரி அல்லது பரு கொண்ட வித்தி லம்ப்ரோஸ்போராவுக்கு, நீள்வட்டமானது ஒக்டோஸ்போராவுக்கு என்பது முதற் பிரிப்பு. இவை இரண்டும் பெரும்பாலும் மொசுப் பாசிகளில்தான். மார்கான்டியாவோடு வாழும் ஒக்டோஸ்போரா இதாகென்சிஸ் போன்ற விலக்குகள் உண்டு.

கிண்ணச்சுவரும் வேர்ப்போலியும்

ஒரு முழுக் கிண்ணத்தைக் கரட் துண்டில் போட்ட வெட்டுக்குள் இறுக்கி, பிளேட்டைத் தண்ணீரில் நனைத்து, மேலிருந்து கீழாகச் சீவுங்கள். பத்துச் சீவலில் ஒன்று நடுவால் போயிருக்கும், அதை மட்டும் பாருங்கள். ஓரத்தால் போன சீவலில் நீண்ட கலமும் வட்டமாகத் தோன்றும், அது ஆளை ஏமாற்றும். வெளிச்சுவரின் கலங்கள் உருண்டையா, கோணமா, நீண்ட செவ்வகமா, இழைகளுக்கிடையே ஜெலி போன்ற பொருள் இருக்கிறதா, ஓரத்தில் மயிர் இருக்கிறதா என்று எழுதுங்கள்.

பிறகு கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வேர்ப்போலியையும் கலத்தையும் கொற்றன் நீலத்தில் வையுங்கள். வேர்ப்போலியின் சுவரில் பங்கசு இழை வீங்கிக் கௌவியிருக்கிறதா, உள்ளே புகுந்திருக்கிறதா, வேர்ப்போலி அந்த இடத்தில் பருத்திருக்கிறதா? இது கிடைத்தால்தான் தாவரத்தோடு உள்ள உறவு நிரூபிக்கப்படுகிறது. தொடங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், அதனால் பல நல்ல மாதிரிகள் "எதிலோ முளைத்தது" என்ற நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

எங்கே போய் நிற்பது

இக்கூட்டத்துக்கான இணைக்கவர்ச்சுட்டிகள் (இரண்டில் ஒன்றைத் தெரிந்து தெரிந்து பெயருக்குப் போகும் பட்டியல்கள்) பெரும்பாலும் ஐரோப்பிய மாதிரிகளை வைத்து எழுதப்பட்டவை. மியூனிக்கைச் சேர்ந்த பீற்றர் டொப்பெலர் பாசிகளில் வாழும் பங்கசுகளையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்து ஏராளமான இனங்களை விவரித்திருக்கிறார். அங்கே நீலப்பச்சை வட்டு இலை வகைத் தாவரத்தில் இருந்தால் ம்னியேசியா ஜுங்கர்மானியே என்று தேடத் தொடங்குவார்கள். பிரிவிலி வகையில் வெளிறிய, மூடியில்லாத பை கொண்ட வட்டு என்றால் பிரையோஸ்கைபஸ் சாதி முதலில் நினைவுக்கு வரும். மிகச் சிறிய, வாய் குறுகிய செம்மஞ்சள் உருண்டைகள் இலை வகையில் இருந்தால் ஒக்டோஸ்போரெல்லாவைத் தேடுவார்கள்.

கொழும்பு மதிலில் கிடைத்ததற்கு அந்தப் பெயர்களை அப்படியே வைக்கக்கூடாது. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கல்கிசைப் பக்கம் ஒரு மதிலடியில், சியாத்தோடியத்தின் கபிலத் திட்டின் ஓரத்தில் 0.4 மில்லிமீற்றர் வெள்ளை வட்டு. பையில் மூடி இல்லை, லூகோலில் நுனியில் நீல வளையம், அடியில் கொக்கி உண்டு, வித்தி ஒடுங்கிய கதிர் வடிவம், முனைகளில் சிறு துளிகள், சுவரில் நீண்ட செவ்வகக் கலங்கள். இவை அனைத்தும் ஹெலோத்தியாலேஸ் வரிசையைக் காட்டுகின்றன. பிரையோஸ்கைபஸ் என்ற சாதியோடு ஒப்பிடத் தகுந்தது என்று எழுதலாம். ஆனால் தாவரம் வேறு, காலநிலை வேறு, டிஎன்ஏ பார்க்கவில்லை. ஆகவே "ஹெலோத்தியாலேஸ், சியாத்தோடியத்தில், பிரையோஸ்கைபசுக்கு அருகே" என்பதே நேர்மையான பெயர். அதற்குக் கீழே போவது ஊகம். ஒருவர் ஊகித்து எழுதிய இனப்பெயரை இன்னொருவர் பட்டியலில் சேர்த்தால், அந்த இனம் இலங்கையில் உண்டென்று ஆகிவிடும். பிறகு அதை அகற்றப் பல வருடம் செல்லும்.

மாதிரியைக் காப்பது

படங்களும் அளவுகளும் எடுத்து முடிந்தபின் மீதியை உலர்த்துங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் உலராது, பூஞ்சணமே பிடிக்கும். மின்விசிறிக்கு முன்னே கடதாசியில் ஒரு நாள் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். நீலநிறச் சிலிக்கா இளஞ்சிவப்பானால் மாற்றவேண்டும். அவனில் சூடாக்கவேண்டாம், பின்னொருநாள் டிஎன்ஏ எடுக்க விரும்புபவருக்கு அது கெடுதல்.

மடித்த கடதாசி உறை ஒன்றில், பங்கசோடு தாவரத்தின் நல்ல துண்டு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வித்தி தூவிய இரண்டாவது கவர்ஸ்லிப் இருந்தால் அதையும் சிறு உறையில் போடுங்கள். உறையின் வெளியே பென்சிலால், மையால் அல்ல, திகதி, இடம், தாவரம், உயிருள்ள வித்தியின் அளவு, லூகோலின் விடை, கொக்கி உண்டா இல்லையா என்று எழுதுங்கள். ஸ்லைட் படங்களின் கோப்புப் பெயரிலும் உறையில் இருக்கும் அதே இலக்கம் இருக்கவேண்டும்.